நம் கதையில் ஒரு செத்த வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஊரடங்கில் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த எட்டுப் பேர் வட்ஸ்அப்பில் தொடங்கிய கூட்டுக்கதை எங்களுடையது. வாவிக்கரையில் நாங்களே கற்பனையாகக் கட்டிய ஓர் ஊர், அதில் ஆளுக்கொரு பாத்திரம். அவரவர் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் அவரவர்தான் எழுதுவோம். ஒருவர் எழுதியதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் எழுதுவார். இதைத்தான் ரோல்பிளே என்கிறோம். புதிதாக வருகிறவர்கள் சண்டையையும் கலியாண வீட்டையும் தயங்காமல் எழுதுகிறார்கள். கதையில் ஒருவர் இறந்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது. அப்படி நின்றவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

என் பாத்திரத்தின் பெத்தா (பாட்டி) இறந்துவிட்டார். முதல் பதிவில் என்ன எழுதுவது?

பலரும் முதலில் அனுப்புவது இப்படி இருக்கும்: "சுதா கதறி அழுதாள். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. உலகமே இருண்டது. கண்ணீர் ஆறாக ஓடியது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வாசித்த மற்றவருக்கு எழுத என்ன மிச்சம்? அவருடைய பாத்திரம் வந்து கட்டிப்பிடிக்கலாம், "அழாதே" என்று சொல்லலாம். அதோடு காட்சி நின்றுவிடும்.

இதே காட்சியை எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி வேறு மாதிரி எழுதினாள். பெத்தாவை எடுத்துக்கொண்டு போன பிறகு சுதா திண்ணையைக் கூட்டுகிறாள். மூலையில் பெத்தாவின் வெற்றிலை வட்டா வைத்தபடி இருக்கிறது. அதற்குள் பாக்குவெட்டி, அதன் வாயில் பாதி வெட்டிய பாக்கு. வெட்டிக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். சுதா அதைக் கையில் எடுக்கிறாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு கையில் தும்புத்தடியும் மற்றக் கையில் பாக்குவெட்டியுமாக நிற்கிறாள். பதிவு அங்கே முடிந்தது.

அழுகை என்ற சொல்லே அதில் இல்லை. பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் எழுதினார்கள். மாமியாக எழுதுகிறவர், "அதை இஞ்ச தாகா" என்று கையை நீட்டினார். சின்னத் தம்பியாக எழுதுகிறவர், பையன் ஓடிவந்து அந்தப் பாக்கைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டதாக எழுதினார். சுதா அவனுக்கு ஓர் அறை விட்டாள். அறைந்த பிறகுதான் அழுதாள். அந்த அழுகையை யாரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. வாசித்துக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கியது.

அதனால் இறந்தவர் பாதியில் விட்ட ஒன்றைத் தேடுங்கள். பின்னி முடியாத வலை, அரைவாசி கட்டிய சீட்டுக்காசு, கைபேசியில் இன்னும் கேட்காமல் இருக்கும் குரல்பதிவு, எதுவும் ஆகலாம். அதை உங்கள் பாத்திரத்தின் கையில் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். நம் ஆட்கள் துக்கம் "விசாரிக்க"த்தான் போவார்கள். விசாரிக்க வருகிறவருக்கு நுழைய ஒரு வாசல் வேண்டும். தனியாக எழுதும் கதையில் அந்த வாசல் இல்லாமலும் சமாளிக்கலாம், கூட்டாக எழுதும் கதையில் முடியாது.

துக்கத்துக்கு ஐந்து நிலை இருக்கிறதாமே. அந்த வரிசையில் எழுதலாமா?

வேண்டாம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்தையும் 1969 இல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர் றொஸ் என்ற மனநல மருத்துவர். அவர் உட்கார்ந்து கதைத்தது சாவை எதிர்பார்த்திருந்த நோயாளிகளோடு. உறவை இழந்தவர்களுக்கு அது பொருத்தப்பட்டது பிறகுதான். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு எழுதினால் "இன்று கோபம், நாளை பேரம்" என்று நேரசூசி போட்டது போல ஆகிவிடும்.

எனக்குக் கைகொடுத்தது நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் என்ற இருவர் 1999 இல் சொன்னது. இழந்தவர்கள் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போகிறார்கள், இன்னொரு நேரம் அன்றாடத்தின் பக்கம் போகிறார்கள், இரண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய கருத்து. செத்த வீட்டில் ஒரு நாள் முழுக்க இருந்தவருக்கு இது புதிதல்ல. காலையில் ஒப்பாரி. மத்தியானம் கொட்டில் போட்டவரோடு காசுக் கணக்கு. பின்னேரம் இறந்தவர் செய்த குறும்பு ஒன்றைச் சொல்லி வீடே சிரிக்கும். இரவு பாய் விரிக்கும்போது ஒரு பாய் மிஞ்சும், திரும்பவும் அழுகை. உங்கள் பதிவுகளையும் அப்படி ஊசலாட விடுங்கள். கணவனை இழந்தவள் மூன்றாம் நாள் மீன் விலைக்காகச் சண்டை பிடிக்கலாம். அது தவறில்லை.

இதற்குத் தமிழிலும் ஒரு பிடி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை நான்கிலிருந்து பிறக்கிறது என்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் மற்றவர் முன் தாழ்ந்துபோவது. இழவு, இழந்தது. அசைவு, முன்பிருந்த நிலை குலைந்து தளர்வது. வறுமை தெரிந்ததுதான். எங்கள் கதையில் தோணிக்காரர் பரமு இறந்தபோது அவர் மனைவி செல்லம்மாவை எழுதியவர் நான்காம் பதிவில் திக்கி நின்றார். இந்த நான்கையும் சொல்லி, "இன்றைக்குச் செல்லம்மாவுக்கு எது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் பதிவு வந்தது. மீன்வாடியில் நேற்றுவரை "அக்கா" என்று எழுந்து நின்றவன் இன்று கதிரையை விட்டு அசையவில்லை. செல்லம்மா நின்றபடியே கணக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். அது இளிவு. அதற்குப் பிறகு மூன்று கிழமை அந்தப் பாத்திரம் திக்கவே இல்லை.

என் பாத்திரம் அழாத ஆள். அப்படியே எழுதலாமா?

தாராளமாக. ஆனால் "வெளியே அமைதியாக இருந்தான், உள்ளே அழுதான்" என்று எழுதாதீர்கள். உள்ளே நடப்பது மற்றப் பாத்திரங்களுக்குத் தெரியாது, அவர்களால் அதற்குப் பதில் செய்யவும் முடியாது. வெளியே தெரியும் ஒன்று வேண்டும். மூன்று நாளாக வேலி கட்டுகிறார், வேலியில் ஓட்டையே இல்லை. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் மறுபக்கம் வந்து கம்பைப் பிடிக்கலாம்.

துக்கத்தில் இருப்பது மற்றவருடைய பாத்திரம். நான் எப்படிப் பதில் எழுதுவது?

அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். நல்ல மனத்தோடுதான் பிழை விடுகிறார்கள்.

"ராசன் கண்ணனின் தோளில் கை வைத்தான். கண்ணன் உடைந்துபோய் அவன் மடியில் விழுந்து அழுதான்." முதல் வாக்கியம் உங்களுடையது. இரண்டாவது உங்களுடையது அல்ல. கண்ணன் அழுவானா, கையைத் தட்டிவிடுவானா, எழுந்து கிணற்றடிக்குப் போவானா என்பதைக் கண்ணனை எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும். சண்டைக் காட்சியில் இப்படிச் செய்தால் எல்லோரும் உடனே கத்துவார்கள். துக்கக் காட்சியில் செய்தால் ஆறுதல் என்று நினைத்துப் பொறுத்துப்போகிறார்கள். பொறுத்துப்போனவர் அடுத்த கிழமை எழுத வருவதில்லை.

கூத்துப் பார்த்திருப்பீர்கள். வட்டக்களரியில் கூத்தர் ஓர் அடி பாடுவார், பிற்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். அந்த நேரத்தில் அவர் மூச்சு எடுத்துக்கொள்வார். அடுத்த அடியை அவரேதான் பாடுவார், ஆட்டமும் அவருடையதுதான். துக்கத்தில் இருக்கும் பாத்திரத்துக்கு நீங்கள் பிற்பாட்டு.

அப்புறம், பெரிய ஆறுதல் வசனங்களை விடுங்கள். "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்", "அவர் எங்கேயும் போகவில்லை, உன் மனதில் இருக்கிறார்" போன்றவற்றைச் செத்த வீட்டில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? அங்கே கேட்பது, "எப்ப எடுக்கிற?", "மூத்தவன் வந்திட்டானா?", "பிள்ளையள் என்னத்தையும் திண்டதுகளா?" இந்தச் சின்னக் கேள்விகளுக்குள்ளேதான் நம் ஆட்கள் பாசத்தை வைத்திருக்கிறார்கள். உங்கள் பாத்திரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். கதிரை இறக்கட்டும், தேத்தண்ணிக் கோப்பை கழுவட்டும், மழை வருகிறதா என்று பார்த்துத் தறப்பாளை இழுத்துக் கட்டட்டும். ஒரு தேங்காயைத் திருவிக்கொண்டே சொல்லும் ஒரு வார்த்தை, கையைக் கட்டிக்கொண்டு சொல்லும் பத்து வார்த்தையை விட நன்றாகக் கேட்கும்.

நீளத்தையும் பாருங்கள். அவர் நாலு வரி எழுதியிருக்கும்போது நீங்கள் நாற்பது வரி அனுப்பினால் காட்சி உங்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

என் பாத்திரத்தின் துக்கம் கோபமாக வருகிறது. எல்லோரும் அவளை "அமைதியாகு" என்கிறார்கள். என்ன செய்வது?

அவளை அமைதியாக்காதீர்கள். மற்றவர்களுக்கு ஒரு சொல். வைகாசியில் நம் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில்களில் என்ன நடக்கிறது? கணவனை அநியாயமாக இழந்து, மதுரையை எரித்த ஒரு பெண்ணின் கோபத்தைத் தணிக்கத்தான் குளிர்த்திச் சடங்கு வைக்கிறோம். திடீரென்று நீர் தெளித்து முடிப்பதில்லை. கோயில் கதவு திறந்த நாளிலிருந்து, அவள் கதையைச் சொல்லும் வழக்குரைப் பாடலைப் படித்து, அவளுக்கு நடந்த அநியாயம் முழுவதையும் ஊரே இருந்து கேட்கிறது. குளிர்த்தி கடைசியில்தான். உங்கள் பாத்திரங்களும் முதலில் கேட்கட்டும். "யார் மனே இதுக்குக் காரணம்?" என்று ஒருவர் கேட்டால் போதும், அவள் எழுதுவதற்கு மூன்று பதிவு கிடைக்கும்.

சடங்குகளை எவ்வளவு விவரமாக எழுதுவது?

தெரிந்ததை எழுதுங்கள், தெரியாததைக் கேளுங்கள். எங்கள் குழுவில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். ஒரே சமயத்துக்குள்ளும் ஊருக்கு ஊர், குடிக்குக் குடி மாறும். "எங்கள் பக்கம் இப்படி இல்லை" என்று கதைக்குள் வந்து வாதாடாதீர்கள்.

ஒருமுறை ஒரு தம்பி, கதையில் வரும் முஸ்லிம் வாப்பா ஒருவரின் ஜனாஸாவை, டோஹாவிலிருந்து மகன் வரும்வரை இரண்டு நாள் வீட்டில் வைத்திருப்பதாக எழுதினார். மருதமுனைப் பக்கம் இருந்து எழுதும் ஒரு றாத்தா தனிச்செய்தியில், "நாங்கள் அப்படி வைத்திருக்க மாட்டோம் தம்பி, விரைவாக அடக்கிவிடுவோம்" என்று சொன்னார். தம்பி மாற்றி எழுதினார். மகன் டோஹாவில் ஒரு கட்டட வேலைத்தளத்தின் நிழலில் நின்று வீடியோ அழைப்பில் பார்க்கிறான். உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரத்தில் படம் உறைந்துவிடுகிறது. பிறகு சிக்னல் வந்தபோது முற்றத்தில் செருப்புகள் மட்டும் தெரிகின்றன. எங்கள் கதையின் மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்று அது. சரியான விவரம்தான் அந்தக் காட்சியைக் கொண்டுவந்தது.

சடங்கு கதைக்கு ஒரு மணிக்கூடும் ஆகும். எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம். கணவன் மௌத்தான (இறந்த) பெண்ணுக்கு இத்தா என்ற காத்திருப்புக் காலம் 4 மாதமும் 10 நாளும். "ஒருவருடைய துக்கமே கதை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது" என்று முறையிடுகிறவர்களுக்கு நான் சொல்லும் வழியும் இதுதான். அந்த நாட்களில் காட்சியை அவருக்குக் கொடுங்கள். நடுவில் வயல் விதைக்கட்டும், பள்ளிக்கூடம் நடக்கட்டும், துக்கம் ஒரு வரியில் வந்து போகட்டும்.

சுனாமி, யுத்தம், காணாமல் போனவர்கள் பற்றி எழுதலாமா?

எழுதலாம். ஆனால் கேட்காமல் எழுதக்கூடாது. இதை நான் பட்டுத்தான் படித்தேன்.

குழு தொடங்கிய ஆண்டின் டிசம்பரில், கதைக்குச் சூடு வேண்டுமென்று நினைத்து, கடல் உள்வாங்கும் காட்சி ஒன்றை ஒருவரிடமும் சொல்லாமல் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் மீன் பொறுக்க ஓடுகிறார்கள் என்று எழுதினேன். நன்றாக எழுதினேன் என்றும் நினைத்தேன். கல்லடிப் பக்கத்து அக்கா ஒருவர் அன்றோடு பேசாமல் போனார். ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது, 2004 டிசம்பர் 26 அவர் வீட்டிலும் அப்படி ஓடிய ஒரு பிள்ளை இருந்தது. அந்தக் காட்சியை எல்லோரும் சேர்ந்து அழித்தோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று அவர் குழுவில் இருக்கிறார், என்றாலும் அந்த ஒரு மாதத்தை நான் மறக்கவில்லை.

இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். மட்டக்களப்புக் கரையில் நாவலடி போன்ற இடங்களில் வீடுகள் இருந்த சுவடே இல்லாமல் போனது. 1990 இல் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஆட்களைக் கொத்தாக இழந்தன. 2021 மார்ச்சில் கொரோனாவில் இறந்தவர்களை அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபோது, நாட்டின் எங்கெங்கோ இருந்து உடல்கள் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கு வந்தன. இருபது பேர் இருக்கும் ஒரு குழுவில் இவற்றில் ஒன்றாவது தொடாத வீடு இருக்காது. அதனால் எழுத முதல் குழுவில் கேளுங்கள். "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னாலும் விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். பெயரும் திகதியும் இல்லாத ஒரு வெள்ளமோ தோணி விபத்தோ உங்களுக்குப் போதுமா என்றும் யோசியுங்கள். பெரும்பாலும் போதும்.

காணாமல் போனவரின் வீடு தனி வகை. உடல் இல்லாத, முடிவு தெரியாத இழப்பைப் பற்றி அமெரிக்காவில் போலின் பொஸ் என்பவர் 1970களிலிருந்து எழுதிவருகிறார். தெளிவற்ற இழப்பு என்பது அவர் கொடுத்த பெயர். அந்த வீட்டில் எட்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. பொட்டு வைப்பதா, பங்கீட்டு அட்டையில் பெயரை வெட்டுவதா, வீடு மாறினால் தேடி வருகிறவருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விகளை எழுதுங்கள். சுவாரசியத்துக்காக அவரைத் திடீரென்று வாசலில் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். இங்கே அதற்காக இன்னும் கதவைத் திறந்து வைத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள்.

உண்மையிலேயே என் வீட்டில் மரணம். இந்த நேரத்தில் எழுதலாமா?

எழுதுவது சிலருக்கு ஆறுதல், சிலருக்குப் புண்ணைக் கிளறுவது. ரோல்பிளே எழுதுகிறவர்கள் இதைக் கசிவு என்பார்கள். உங்கள் உணர்வு பாத்திரத்துக்குள் போகும், பாத்திரத்தின் உணர்வு உங்களுக்குள் வரும். எழுதி முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் நெஞ்சு அடைக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, நித்திரை இல்லை என்றால் அன்றைக்கு அது கதை இல்லை. நிறுத்துங்கள். இரட்டை அடைப்புக்குறிக்குள் "இது நான்" என்று மட்டும் போடுங்கள், எல்லோரும் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடுவோம். அப்போது வருகிறது ஊர்க்கதையின் மாமி இல்லை, உண்மையான மனிசி.

குழுவால் தாங்கக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. உயிரோடு இருக்க மனமில்லை என்ற நினைப்பு வந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். எனக்கும் எந்த நேரத்திலும் எழுதலாம்.

என் பாத்திரத்தை நானே சாகடிக்கலாமா?

உங்கள் பாத்திரம், உங்கள் முடிவு. ஆனால் அந்தப் பாத்திரத்தின் மகளை வேறொருவர் எழுதுகிறார். நீங்கள் ஒரு வரியில் எழுதியதை அவர் பல மாதம் எழுத வேண்டிவரும். முதலில் அவரிடம் கேளுங்கள். குழுவை விட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து பாத்திரத்தைக் கொன்றுவிட்டுப் போகாதீர்கள். சவூதிக்கு வேலைக்குப் போனதாக எழுதுங்கள்.

துக்கத்தை எப்போது முடிப்பது?

முடிக்கும் காட்சி என்று ஒன்றை எழுத வேண்டியதில்லை. வேறொரு காட்சிக்குள் அது வந்து போகும், அப்போது இடம் கொடுத்தால் போதும்.

கதைக் கணக்கில் ஏழெட்டு மாதம் கழித்து சுதாவின் மச்சாளுக்குக் கலியாணம் வந்தது. ஊரழைக்க வெற்றிலை வட்டா வேண்டும். எல்லோரும் சேலை நிறம், சாப்பாடு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். சுதா அறைக்குள் போய்ப் பெத்தாவின் வட்டாவை எடுத்துவந்து, புளி போட்டு மினுக்கி, திண்ணையில் உட்கார்ந்து பாக்கு வெட்டத் தொடங்கினாள். அதைப் பற்றி அவள் வேறொன்றும் எழுதவில்லை.

மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மெல்லிசா வெட்டுகா, பெத்தா வெட்டுற மாதிரி."

"அவ எங்க மாமி மெல்லிசா வெட்டினவ," என்றாள் சுதா. "விரல் தடிப்பிலதான் வெட்டுவா."